நாற்பது எண்கள்

தினமும் காலையில் நாட்காட்டியின் தாளைக் கிழித்ததும் அதன் பின்புறத்தில் ஒரு சிறு கதை எழுதுவது என் வழக்கம். காகம், நரி, ஆமை, கழுதை என்று யாராவது ஒருவர் வருவார். ஒரு தவறு செய்வார். நான்காவது வரியில் பிடிபடுவார். முப்பத்தேழு ஆண்டுகள் வகுப்பறையில் சொல்லிச் சொல்லி வந்த பழக்கம் அது. ஓய்வு பெற்ற பிறகு கேட்பதற்கு ஆளில்லை. ஆனாலும் கை நிற்கவில்லை. எழுதிய தாள்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வந்தேன்.

தந்தை அவர்களே, வரும் ஜனவரியில் வெளியாகும் நம் ஆலயத்தின் பொன்விழா மலருக்காக, பங்கில் குறுஞ்செய்திச் சேவை தொடங்கிய வரலாற்றை இரண்டு பக்கத்தில் எழுதித் தரக் கேட்டிருந்தீர்கள். அந்தச் சேவையைக் கொண்டுவந்தவன் என்பதற்காகவும், உபகாரமேரிக்கு ரத்தம் தேவைப்பட்ட நாளில் உரிய ஆளைத் தேடிப் பிடித்தவன் என்பதற்காகவும் எனக்குப் பொன்னாடை போர்த்தப் போவதாகவும் சொன்னீர்கள். நீங்கள் விருத்தாசலத்துக்கு வந்து எட்டு மாதங்களே ஆகின்றன. நடந்தது உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. ஆகவே வரிசையாக எழுதுகிறேன்.

2008 ஜூலையில் பங்குப் பேரவை கூடியது. அதுவரை சாவு, திருமணம், பூசை நேர மாற்றம் எல்லாவற்றையும் கோயில்பிள்ளை தங்கராசுதான் சைக்கிளில் வீடு வீடாகப் போய்ச் சொல்லி வந்தார். நம்முடையது சிறிய பங்கு. இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள். ஏறக்குறைய எல்லா வீட்டிலும் கைபேசி வந்துவிட்டது. ஒரே நேரத்தில் அனைவருக்கும் செய்தி அனுப்பும் சேவை ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அப்போதைய பங்குத்தந்தை சொன்னார்.

இரண்டு சேவைகள் முன்வைக்கப்பட்டன. ஒன்றை நான் சொன்னேன். அது சென்னையில் இருக்கும் ஒரு நிறுவனத்தினுடையது. முதல் நாளே எழுதி வைத்தால் மறுநாள் குறித்த நேரத்தில் தானாகப் போய்விடும். நாளுக்கு ஒரு செய்தி உண்டு. காலை ஆறு மணிக்கு ஒரு கதை அனுப்பலாம் என்பது என் எண்ணம். தமிழ் எழுத்துகள் அப்போது பலருடைய கைபேசியில் வெறும் கட்டங்களாகத் தெரியும் என்பதால் ஆங்கில எழுத்தில்தான் தமிழை எழுத வேண்டும். அந்த அவமானத்தைக்கூட நான் ஏற்கத் தயாராக இருந்தேன்.

மற்றொன்றை மெர்சி சொன்னாள். ஜங்ஷன் ரோட்டில் பிரவுசிங் சென்டர் நடத்துகிறவள். அப்போது முப்பத்து நான்கு வயது. அவள் சொன்ன சேவையில் அன்றாடச் செய்தி கிடையாது. தேவைப்படும்போது மட்டும் அனுப்பலாம். அனுப்பிய ஒவ்வொரு செய்தியும் போய்ச் சேர்ந்ததா என்று கணினித் திரையில் காட்டும்.

கதை அனுப்பும் யோசனையைக் கேட்டு அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “காலையில நரி வந்துச்சு, காக்கா வந்துச்சுன்னு மெசேஜு வந்தா பத்து நாளு படிப்பாங்க சார். பதினோராவது நாளு, கோயிலு மெசேஜுன்னாலே தொறக்க மாட்டாங்க. அப்புறம் நெசமாவே அவசரம்னா யாரு பாப்பாங்க?”

பக்கத்தில் இருந்த ஜஸ்டின், செராமிக் தொழிற்பேட்டையில் சூளை வேலை பார்ப்பவர், “எங்க வூட்ல ஏற்கனவே ஒரு சேவல் காலையில கூவுது. இன்னொண்ணு எதுக்குங்க சார்?” என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். பங்குத்தந்தையும் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

இரண்டையும் சோதித்துப் பார்த்து முடிவு செய்வது என்று தீர்மானித்தார்கள். ஆகஸ்டின் முதல் இரண்டு வாரம் மெர்சியின் சேவை. அது ஒத்துவந்தால் மாத முடிவு வரை. அடுத்த மாதம் என்னுடையது. பேரவையின் செயலர் என்ற முறையில் குடும்பங்களின் எண்களெல்லாம் என்னிடம் இருந்தன. அவற்றை என் கையாலேயே ஆறு தாள்களில் எழுதி மெர்சியிடம் கொடுத்தேன். அவள் அதைப் பார்த்துக் கணினியில் ஏற்றினாள். தாள்களைத் திருப்பிக் கேட்டேன். குடும்பங்களின் எண்கள் வெளியே போய்விடக் கூடாது என்று காரணம் சொன்னேன். “சார் எப்பவுமே கரெக்ட்டு” என்று சொல்லி மறுநாளே திருப்பிக் கொடுத்தாள்.

அந்தப் பட்டியலில் நாற்பது எண்கள் தவறாக இருந்தன.

ஆகஸ்டு பத்தொன்பது, செவ்வாய்க்கிழமை. ஜஸ்டினின் மனைவி உபகாரமேரிக்குக் காலை ஒன்பது மணிக்கு மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. அதன் பிறகு உதிரப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் ரத்தம் உடனே வேண்டும் என்றார்கள். கடலூரிலிருந்து வரவழைக்க ஏற்பாடு செய்தார்கள். ஆனால் அது வந்து சேரும்வரை அவள் தாங்குவாளா என்பது மருத்துவருக்கே நிச்சயமில்லை. ஜஸ்டின் பங்குத்தந்தைக்குத் தொலைபேசியில் சொன்னார். நான் அப்போது குருக்கள் தங்கும் அறைவீட்டில் தந்தையின் எதிரில் உட்கார்ந்திருந்தேன். தந்தை மெர்சியை அழைத்தார். பத்தே முக்காலுக்கு, ஜஸ்டினின் எண்ணோடு, செய்தி போயிற்று. என் சட்டைப்பையில் இருந்த கைபேசியும் ஒலித்தது.

“ஏழெட்டு பேருதான் ஃபாதர் சுவிட்ச் ஆஃபு. மத்த எல்லாருக்கும் போயிடுச்சு, ஸ்கிரீன்ல காட்டுது” என்று மெர்சி சொன்னது எனக்கும் கேட்டது.

அவள் சொன்னது உண்மைதான். தவறான எண்களும் யாரோ சிலருடைய எண்களே. செய்தி அவர்களிடம் போய்த்தான் சேர்ந்தது.

தங்கராசு சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். “நான் ஒரு சுத்து போயிட்டு வரேங்க சாமி” என்றார். அதுதான் எல்லாருக்கும் போய்விட்டதே என்று தந்தை அவரை நிறுத்திவிட்டார்.

நாங்கள் மருத்துவமனைக்குப் போனோம். மூன்று முதியவர்கள் வந்திருந்தார்கள். ஒருவருக்கும் ரத்தம் கொடுக்கும் வயதில்லை. ஜஸ்டினின் கைபேசி ஓயாமல் ஒலித்தது. அவர் குழம்பிப்போய்த் தந்தையிடம் வந்தார். “யாரு யாரோ தெரியாதவங்கல்லாம் கூப்புடறாங்க ஃபாதர். ஒருத்தரு தனக்கு அதே குரூப்புதாங்கறாரு. ஆனா திருநெல்வேலியில இருக்காராம். பக்கத்துல இருந்தா ஓடி வந்துருப்பேன் தம்பின்னு அழுவுறாரு. அவருக்கு எப்புடிங்க போச்சு?”

தந்தை என்னைப் பார்த்தார். நல்ல செய்தி கைமாறிப் பரவுவது இயல்புதான் என்று நான் விளக்கினேன். என் விளக்கங்களை எப்போதும் ஏற்றுக்கொள்வார்கள்.

பிறகு ஜெபமாலை சொல்லத் தொடங்கினோம். நானே முன்சொன்னேன். என் சட்டைப்பையில், ஜெபமாலை வைத்திருந்த அதே பையில், சரியான எண்கள் அடங்கிய சிறு குறிப்பேடு இருந்தது. ஐம்பத்து மூன்று மணிகளும் முடியும்வரை அது என் நெஞ்சில் உறுத்தியதாக எழுதினால் நன்றாக இருக்கும். உறுத்தவில்லை. யாராவது ஒருவர் வந்துவிடுவார், அதன் பின் நான் எதையும் சொல்ல வேண்டியிருக்காது என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். மணி பன்னிரண்டாயிற்று. ஒன்றாயிற்று.

ஒன்றரைக்கு வெளியே வந்து குறிப்பேட்டைத் திறந்து, மாறிப்போன எண்களுக்கு உரியவர்களை ஒவ்வொருவராக அழைக்கத் தொடங்கினேன். ஐந்தாவது ஆள் அமல். மருத்துவமனையிலிருந்து அரைக் கிலோமீட்டரில், தொழிற்பேட்டையில் அச்சு வார்க்கும் வேலையில் இருந்தான். அவனுக்கு ஓ நெகட்டிவ். கைகளில் வெள்ளைக் களிமண் காயாமலேயே ஆறு நிமிடத்தில் வந்துவிட்டான். அவனைப் பரிசோதித்து, படுக்க வைத்து, ஊசி ஏற்றிக்கொண்டிருந்தபோது உபகாரமேரி இறந்தாள். மணி இரண்டு பத்து.

“காலையிலேர்ந்து ஃபோனு கையிலயேதான் சார் இருந்துச்சு. எனக்கு ஒண்ணுமே வரல. நீங்க ஒருத்தருதான் கூப்புட்டீங்க” என்றான் அமல். அதை அவன் எல்லாரிடமும் சொன்னான். அதிலிருந்து தொடங்கியதுதான் நீங்கள் கேள்விப்பட்ட என் பெருமை.

அடுத்த ஞாயிறு பேரவை கூடியது. மெர்சி தன் கணினியில் இருந்த பட்டியலை அச்செடுத்துக் கொண்டுவந்தாள். நான் என் பட்டியலை மேசையில் வைத்தேன். அது அவளிடம் கொடுத்த ஆறு தாள்கள் அல்ல. முந்தின நாள் உட்கார்ந்து, அதே மையில், அதே கோடு போட்ட தாளில் எழுதிய வேறு ஆறு தாள்கள். அதில் எல்லாம் சரியாக இருந்தன. அவள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். மூன்று இருக்க வேண்டிய இடத்தில் எட்டு. ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் ஏழு. நாற்பது இடங்கள்.

“நான்தான் தப்பா அடிச்சிருக்கேன்” என்று மட்டும் சொன்னாள். பிறகு ஜஸ்டின் முன்னால் போய் நின்றாள். கைக்குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஜஸ்டின், “வுடு மெர்சி. கை தவறுறது யாருக்கும் உள்ளதுதான்” என்றார்.

என் சேவையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆறு மணிக்குப் போன முதல் கதை, சரியாக எண்ணத் தெரியாததால் தன் குஞ்சுகளில் ஒன்றை விட்டுவிட்டுப் பறந்த கொக்கைப் பற்றியது. கவனத்தின் அருமையைச் சொல்லும் கதை. அது மெர்சிக்கும் போயிற்று. ‘நன்றி சார்’ என்று பதில் அனுப்பினாள்.

கிறிஸ்துமஸுக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்தேன். எண்கள் எழுதுவதில் கவனக்குறைவாக இருந்துவிட்டேன் என்று சொன்னேன். மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லும்படி அபராதம் கிடைத்தது. முழங்காலில் நின்று சொன்னேன். மனம் சற்று இலேசானது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

ஆனால் கவனக்குறைவு உள்ளவன் நாற்பது பேரைத் தேர்ந்தெடுக்க மாட்டான். நான் தேர்ந்தெடுத்தேன். எண்ணை மாற்றினால் உடனே தெரிய வேண்டும். ‘எனக்கு வரவில்லையே’ என்று யாராவது பேரவையில் எழுந்து கேட்க வேண்டும். மெர்சியின் சேவை பயனற்றது என்று ஆக வேண்டும். முதியவர்கள் கேட்க மாட்டார்கள். ஆகவே வேலைக்குப் போகிறவர்களாக, கைபேசியைக் கையிலேயே வைத்திருப்பவர்களாக, உடல் வலுவுள்ள இளையவர்களாகப் பார்த்துப் பொறுக்கினேன். ஆனால் முதல் இரண்டு வாரத்தில் ஒரே ஒரு பூசை நேர மாற்றம்தான் செய்தியாகப் போயிற்று; ஒருவரும் எழுந்து கேட்கவில்லை. ரத்தம் கொடுக்கக்கூடியவர்களும் அவர்களே என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் விட்டிருப்பேன் என்றுதான் இன்றுவரை எனக்கு நானே சொல்லி வருகிறேன். ஆனால் மருத்துவமனையில் அது தோன்றிய பிறகும் ஜெபமாலையைத் தொடர்ந்தவன் நான்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் ஒரு நோட்டு. அந்தச் சாவுக்குப் பிறகு மெர்சி தன் ஸ்கூட்டியில் பங்கு முழுவதும் சுற்றினாள். ஸ்ரீமுஷ்ணம், வேப்பூர்ப் பக்கம் குடியேறிய குடும்பங்களையும் விடவில்லை. ஒவ்வொருவரின் ரத்த வகையையும் எண்ணையும் கேட்டு ஒரு நீள நோட்டில் எழுதினாள். மாதத்தின் முதல் சனிக்கிழமை ஒவ்வொரு எண்ணையும் தானே அழைத்துப் பார்ப்பாள். இந்த ஒன்றேகால் ஆண்டில் அந்த நோட்டால் நான்கு பேர் பிழைத்திருக்கிறார்கள். அவர்களில் பெரியம்மாள் என்ற கருவேப்பிலங்குறிச்சிக்காரி நம் பங்கைச் சேர்ந்தவள்கூட அல்ல.

சென்ற வாரம் மெர்சி அந்த நோட்டோடு என் வீட்டுக்கு வந்தாள்.

“நம்பர் எல்லாம் சரியா இருக்குதான்னு நீங்க ஒரு தடவ பாத்துக் குடுத்துடுங்க சார். எனக்கு என் கைமேல நம்பிக்கை இல்ல” என்றாள்.

அதை இரண்டு நாள் வைத்திருந்தேன். ஒரு பிழையும் இல்லை.

கடந்த ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கதைக்குப் பதிலாக இந்தச் செய்தியை அனுப்பினேன்: ‘மெர்சி தவறு செய்யவில்லை. நாற்பது எண்களை நான் வேண்டுமென்றே மாற்றிக் கொடுத்தேன். உபகாரமேரி இறந்தது என்னால். செபாஸ்டியன்.’ இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கும் போயிற்று. உங்களுக்கும் வந்தது.

பூசைக்கு வந்தேன். வாசலில் எல்லாரும் வழக்கம்போல வணக்கம் சொன்னார்கள். நீங்கள் என் கையைப் பிடித்து, கட்டுரையை நினைவூட்டினீர்கள். அமல் கிட்டே வந்து, “இன்னிக்குக் கதை ரொம்ப நல்லா இருந்துச்சுங்க சார்” என்றான்.

ஒருவர்கூடத் திறக்கவில்லை. பதினோராவது நாள் என்று மெர்சி அன்றைக்கே சொல்லியிருந்தாள்.

திங்கட்கிழமை அவளுடைய பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அவள் நோட்டை மேசையில் வைத்தேன். அதன் மேல், பிஸ்கட் டப்பாவின் அடியில் நான் கிழிக்காமல் வைத்திருந்த பழைய ஆறு தாள்களையும் வைத்தேன். அவள் முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வரி வரியாக விரலை வைத்துப் படித்தாள். அமலின் எண் வந்ததும் விரல் நின்றது.

“இத்தன நாளா என் கையத்தான் சார் சபிச்சிக்கிட்டு இருந்தேன்” என்றாள். கணினிகளை ஒவ்வொன்றாக அணைத்து, ஷட்டரை இறக்கிப் பூட்டினாள்.

“ஜஸ்டின் அண்ணனுக்கு ரெண்டு மணிக்கு ஷிஃப்டு முடியும். வாங்க. நீங்களே உங்க வாயால சொல்லணும். கதையா சொல்லாதீங்க.”

தந்தை அவர்களே, மெர்சியிடமிருந்து திரும்ப வாங்கிய ஆறு தாள்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். மலரில் என் கட்டுரைக்கு ஒதுக்கிய இடத்தில் இதைத்தான் அச்சிட வேண்டும், நான் உயிரோடு இருக்கும்போதே. செய்திச் சேவையின் பொறுப்பை மெர்சியிடம் ஒப்படைத்துவிட்டேன். காவல் நிலையத்துக்குப் போவதா என்பதை ஜஸ்டின் முடிவுக்கு விட்டிருக்கிறேன். அவர் சொல்லும் நாளில் போவேன்.

அன்று மெர்சியோடு அவர் வீட்டுக்குப் போனபோது, ஜஸ்டின் கைகால் கழுவிக்கொண்டு வந்தார். குழந்தை அனிஷா சுவரைப் பிடித்து நின்றபடி என்னைப் பார்த்துச் சிரித்தது. “உக்காருங்க சார், டீ போடறேன்” என்றார் அவர். நான் உட்காரவில்லை. நான்காவது வரிவரை அவரைக் காத்திருக்க வைக்கவும் இல்லை. உன் மனைவியைச் சாகவிட்டது நான்தான் என்று முதல் வரியிலேயே சொன்னேன்.