உப்புன்னு ஒரு ஃபைல்

— அதையும் எழுதணுமா அண்ணி? ஃபேனை நிறுத்தறது வரைக்குமா?

— எழுது. நாளைக்கு நாம ரெண்டு பேரும் இல்லாதப்ப, இந்தப் பாட்டை மேடையேத்தறவங்க யார்கிட்ட போய்க் கேப்பாங்க? உங்க அண்ணன் போனப்ப பட்ட பாடு போதாதா? அவர் கிறுக்கினதைப் படிக்கவே நமக்கு ரெண்டு மாசம் ஆச்சு.

— சரி. அதாவது... ஃபேன் ஓடக் கூடாது, இரைச்சல் மைக்ல விழும். மைக், பாடறவங்க வாயிலேர்ந்து ஒரு சாண். ஸ்பீக்கர் நாலு, ஹாலோட நாலு மூலையில. கம்ப்யூட்டர் மேடைக்கு இடது பக்கம்.

— கம்ப்யூட்டர் என்ன செய்யும்னு எழுதினியா?

— "பாடறவங்க குரலைப் பிடிச்சு, எட்டு விநாடி கழிச்சு நாலு ஸ்பீக்கர்லயும் திருப்பிக் குடுக்கும். அதோட சேர்ந்து அவங்க அடுத்த வரியைப் பாடணும்." போதுமா?

— போதும். அவர் வச்ச விதியையும் எழுது. முன்னாடியே பதிஞ்ச சத்தம் ஒண்ணுகூட மேடைக்கு வரக் கூடாது. இன்னிக்குப் பாடினதுதான் இன்னிக்குத் திரும்பி வரணும்.

— ம்.

— என்ன ம்? பேனா நின்னு போச்சு.

— எழுதறேன் அண்ணி.

— மணி மூணாகப் போகுது. இசை ஆவணக் காப்பகத்துக்காரங்க நாலு மணிக்கு டாண்ணு வந்துடுவாங்க. நான் பாடறதைக் கடைசியா ஒரு தடவை பதிஞ்சுட்டு, இந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கற ஃபைலையெல்லாம் அப்படியே எடுத்துட்டுப் போகப் போறாங்க. தள்ளு, நான் சரிபார்க்கறேன். முதல் பாகம், ரெண்டாம் பாகம்... ஏழு வரைக்கும் நம்பர் சரியா இருக்கு. இது என்ன தம்பி, உப்பு?

— அது ஒண்ணுமில்ல.

— சமையல் குறிப்பா?

— ஏதோ பழசு. அழிச்சிடறேன்.

— பழசா? நேத்து ஒத்திகைல திறந்ததா தேதி போட்டிருக்கே. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதப்பா. சின்ன வயசுலேர்ந்தே உனக்குப் பொய் சொல்ல வராது, காது செவந்துடும்.

— உக்காருங்க, சொல்றேன்.

— நின்னுக்கிட்டே கேட்டா கேக்காதா? சொல்லு.

— அண்ணன் தவறி மூணாம் மாசம் ஒரு நிகழ்ச்சி பண்ணோமே. அதுல ஏழாம் பாகத்துல, அந்த நீளமா இழுக்கற இடத்துல உங்க குரல் உடைஞ்சுது. எட்டு விநாடி கழிச்சு அந்த உடைஞ்சதே நாலு பக்கத்துலேர்ந்தும் வந்துச்சு. என்னால கேட்டுட்டு உக்கார முடியல அண்ணி. வீட்டுக்கு வந்து அண்ணன் அலமாரியைக் குடைஞ்சேன். முதல் ஒத்திகையோட டேப் கிடைச்சுது. மேல தேதி மட்டும் எழுதியிருந்தார். அந்த இழுப்பு அதுல முழுசா இருந்துச்சு. ஒம்பது விநாடி. வெட்டி எடுத்து வச்சுக்கிட்டேன்.

— வச்சுக்கிட்டு?

— அதாவது... அடுத்த நிகழ்ச்சிலேர்ந்து, உங்க குரல் திரும்பி வர்றப்ப அதுக்கு அடியில லேசா விட்டேன். குழம்புல உப்பு சேர்க்கற மாதிரி, தெரியாத அளவுக்கு. நடுவுல 'டிக்'னு ஒரு சின்னச் சத்தம் இருக்கு. டேப் கோளாறு. எவ்வளவோ பாத்தேன், அதை எடுக்க முடியல.

— எத்தனை வருஷமா?

— ஆறு.

— அப்ப ஆறு வருஷமா ஜனங்க எழுந்து நின்னு கை தட்டினது எதுக்கு?

— உங்களுக்குத்தான். அதுவும் உங்க குரல்தானே, வயசுல பாடினது. வேற யாரோடதையும் நான் கலக்கலையே.

— முதல் தடவை நீ அதைப் போட்டப்ப நான் நடுவுல நின்னுட்டேன்.

— ஆமா, மூணு விநாடி. வரி மறந்துடுச்சுன்னு நினைச்சேன். எனக்கு உயிரே போயிடுச்சு.

— சரி, விடு. எனக்கு அப்புறம் பாடப் போற அந்தப் புதுப் பொண்ணு நேத்து ஒத்திகைக்கு நடுவுல பாத்ரூம்ல போய் அழுதுச்சே, ஏன்னு தெரியுமா?

— தெரியும். உங்க பதிவையெல்லாம் கேட்டிருக்கா. அந்த இடத்துல உங்களை மாதிரி வரலையாம்.

— எப்படி வரும்? ரெண்டு பேர் தூக்கினதை அவ ஒத்தையாத் தூக்கப் பாக்கறா. அடுத்த மாசம் இந்த மேடையில நிக்க வேண்டியவ. நேத்துப் போறப்ப, "என்னை விட்டுடுங்கம்மா, வேற யாரையாவது பாருங்க"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

— அதான் எனக்கும் நேத்துலேர்ந்து மனசு சரியில்ல. சொன்னா உங்க பேர் கெட்டுடும். சொல்லாட்டி அவ பாடறதையே விட்டுடுவா. அவ விட்டுட்டா, இத்தோட அண்ணன் எழுதினது பெட்டிக்குள்ள போயிடும்.

— என் பேரை நான் பாத்துக்கறேன். இப்ப எழுது: "கடைசி ஆறு வருஷப் பதிவுல, ஏழாம் பாகத்துல டேப்புக் குரல் கலந்திருக்கு. அதைக் கேட்டு யாரும் பாடிப் பழக வேண்டாம்." எழுதிட்டியா? குடு, கையெழுத்துப் போடறேன்.

— திட்டிடுங்க அண்ணி. நீங்க திட்டாம இருந்தா எனக்கு பயமா இருக்கு.

— திட்ட நேரமில்ல. அவளை நானே கூப்பிட்டுச் சொல்றேன். குரல் உடைஞ்சா உடையட்டும், உடைஞ்சது திரும்பி வர்றப்ப அதோட சேர்ந்து பாடும்மா, அதுக்குத்தான் இதை எழுதினார்னு. நாலு மணிக்கு நானும் அப்படித்தான் பாடப் போறேன்.

— சரி. அப்ப உப்பை அழிச்சிடறேன்.

— கையை எடு.

— இப்பதானே வேண்டாம்னீங்க?

— மேடைக்கு வேண்டாம். அவங்க வர்றதுக்கு இன்னும் நேரம் இருக்கு. ஹால்ல யாரும் இல்ல. ஏழாம் பாகம் மட்டும் பாடறேன், ஒரே ஒரு தடவை அதைப் போடு. அப்புறம் அந்த டேப்பை என்கிட்ட குடுத்துடு.

— ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. அதைப் போடறப்பல்லாம் நீங்க குரலைக் குறைச்சுடறீங்க. எனக்கு மீட்டர்ல தெரியும். வயசாயிடுச்சுன்னு நினைச்சு நான் உப்பைக் கூட்டிக்கிட்டே வந்தேன்.

— வயசு இல்லப்பா. வழி விட்டேன்.

— யாருக்கு?

— முதல் ஒத்திகை நடந்தப்ப நீ வெளியூர்ல படிச்சுக்கிட்டிருந்த, உனக்குத் தெரியாது. அன்னிக்கு எனக்குத் தொண்டை கட்டிப்போய் நான் வீட்லதான் படுத்திருந்தேன். மெஷினைச் சோதிச்சுப் பாக்கணுமேன்னு என் பாகத்தைக் கீழ்க் குரல்ல அவரே மெதுவாப் பாடி, டேப்பை ரெண்டு மடங்கு வேகமா ஓட்டி என் குரல் மாதிரி ஆக்கி வச்சிருந்தார். நீ டேப் கோளாறுன்னியே அந்த 'டிக்', அது வேகத்துல சுருங்கிப்போன, உங்க அண்ணன் மூக்கை உறிஞ்சற சத்தம்.