பெர்சியன் குட்டிக்கு ஒரு துண்டு

மத்தியான வெயிலில் சிம்மக்கல்லிலிருந்து கிளம்பிய டவுன் பஸ். முன்சீட்டில் நடுவயதுத் தம்பதி. கணவர் கேட்ட கேள்வியில் என் தூக்கம் கலைந்தது.

"பூனைக்குட்டிக்குக் குடுக்கிற துண்டத் தொவச்சு இஸ்திரியா போட்ட?"

"அடுத்தவுக வீட்டுக்கு அழுக்குத் துணியவா கொண்டு போவாக?"

"அட, குட்டி விக்கிற ஒத்தக்கடைக்காரரு அத ரெண்டு வாரம் கழிச்சுத்தான் தாய்கிட்டருந்து பிரிப்பேன்னாரு. அதுக்குள்ள நம்ம வீட்டு வாடை பழகட்டும்னுதான துணி கேட்டாரு? இதுல சோப்பு வாடைதான் அடிக்குது. அது சோப்பு டப்பாவத்தான் ஆத்தான்னு நெனைக்கும்."

பஸ் வைகைப் பாலத்தில் ஊர்ந்தது. கணவர் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார்.

"இந்தா. ரெண்டு நாளாத் தொவைக்கல."

அந்த அம்மா அதை வாங்கித் தன் முகத்தையும் கழுத்தையும் மெல்லத் துடைத்துக்கொண்டார்.

"உங்க வாடை மட்டும் போதுமா? வீட்டுல ரெண்டு பேரு இருக்கம்ல."

துண்டை இருவர் மடியிலும் படும்படி விரித்தார். மாட்டுத்தாவணி தாண்டும்போது இருவருக்கும் கண் சொக்கியிருந்தது.

"ஒத்தக்கடை இறங்கு!" என்று கண்டக்டர் கத்தினார். கணவர் பதறி எழப் போனார்.

"இருங்க," என்றார் அந்த அம்மா, கண்ணைத் திறக்காமலே. "அடுத்த ஸ்டாப்புல இறங்கி நடந்துக்கிருவோம். வாடை இன்னும் கொஞ்சம் ஏறட்டும்."