பொந்தில் அடைகாத்தவள்

இந்தக் காபி பரவாயில்லை, ஆபீசர். என் மனைவி மேவிஸ் போடுவது கழுநீர் மாதிரி இருக்கும். மற்றபடி நல்ல மனைவிதான்.

பவல் ரிவர் ஊரில் எங்களைத் தெரியாதவர் இல்லை. நான் நண்டு பிடிக்கக் கூடு போடுகிறவன். அவள் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு குளிர்கடலில் முங்குகிறவள். போன இலையுதிர்காலத்தில் ஒரு பாறைப் பொந்தில் எட்டுக் கைகளோடு ஒரு பெண் பேய்க்கணவாயைக் கண்டாள். பொந்தின் கூரையெல்லாம் அரிசிமணியைச் சரம் கோத்ததுபோல முட்டைகள். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை.

"ஆம்பளை கையை நீட்டி விதையக் குடுத்துட்டுப் போயிடுவான், டங்கன். அப்புறம் புத்தி பேதலிச்சு அலைஞ்சே செத்துருவான்" என்பாள், நான் சூப்பை வாயில் வைக்கும்போது. "இவளப் பாரு, குஞ்சு பொரியிறவரைக்கும் ஒரு வாய் திங்கமாட்டா. முட்டைமேல தண்ணிய ஊதி ஊதியே உயிர விட்டுருவா. நீ ஒருவேளை பட்டினி கிடப்பியா?"

வசந்தத்தில் எனக்கும் ஒரு சிலிண்டரைக் கட்டிக் கூட்டிப்போய்க் காட்டினாள். நான் பார்த்திருக்கக் கூடாது. அதன் உடம்பு வெந்த தோல் மாதிரி வெளிறி உரிந்து தொங்கியது. கண்ணில் பால்படலம். கைநுனிகள் அழுகியிருந்தன. அந்த அழுகலாலேயே முட்டைகளை ஓயாமல் தடவிக்கொண்டிருந்தது. மேலே வந்து வாந்தி எடுத்தேன். அதைத் தொட்ட கையுறையோடு மேவிஸ் என் கன்னத்தைத் தட்டிச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தேவாலயம் போயிருந்தபோது கொக்கியோடு இறங்கினேன். அது எதிர்க்கவில்லை. கொழகொழவென்று கையோடு வந்தது. துண்டுபோட்டு நண்டுக்கு இரையாக வைத்தேன். எதையும் வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

மறுநாள் அவள் முங்கி எழுந்து படகின் ஏணியைப் பிடித்தாள். முகம் வெளுத்திருந்தது.

"பொந்து காலியா கெடக்கு. மீனுங்க முட்டையப் பிச்சுத் திங்குது" என்றாள். அப்புறம் என் காலடியில் இருந்த நண்டுக்கூட்டுக்குள் அதன் வெட்டுப்பட்ட கை ஒன்றைப் பார்த்துவிட்டாள். "நீயா?"

"எப்படியும் சாகப்போறதுதானே, மேவிஸ்" என்று கை நீட்டினேன்.

"கிட்ட வராத. உன்னப் பாத்தாலே குமட்டுது."

என்னைப் பார்த்தா? அந்த அழுகலைத் தடவிய கை, என் கையைத் தட்டிவிட்டது. அவள் பிடி நழுவ, ஏணியை மேலே இழுத்து மடித்தேன். இஞ்சினைக் கிளப்பினேன். கடல் வற்றும்போது நீரோட்டம் ஆழத்துக்கு இழுக்கும் வேளை. கரை வெகு தூரம்.

அவளைக் கைவிட்டுப் போனதாக மட்டும் எழுதாதீர்கள், ஆபீசர். அவள் கூப்பிடுவது நிற்கும்வரை கண்ணெட்டும் தூரத்திலேயே படகை நிறுத்தி, பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.