ஒபிரி மாமா சர்வர் பார்க்கப் போனது

— நாலாயிரம் வலைத்தளம், பொகுவா. ஒரே பெட்டியில. கதவைத் திறந்தாங்க, ரெண்டு தளம் வழிஞ்சு என் கால்ல விழுந்துச்சு. குனிஞ்சு எடுத்து உள்ள சொருகிட்டு வந்தேன்.

— ஒபிரி மாமா, உங்களைக் கதை கட்ட நான் அனுப்பல. என் சாவு அறிவிப்புத் தளத்தைக் குடிவைக்க ஒரு நல்ல ஹோஸ்டிங் பாத்துட்டு வாங்கன்னுதான் அனுப்பினேன்.

— அதைத்தானே சொல்றேன். அடும் கடைத்தெருவுல அந்தக் கண்ணாடிக் கட்டடம். வாசல்லயே எழுதி வச்சிருக்கான், 'எல்லாம் அளவில்லாமல்'னு. இடம் அளவில்ல, கூட்டம் அளவில்ல. உள்ள போய்க் கேட்டா, அளவில்லாததுக்கு ஒரு அளவு வச்சிருக்காங்களாம். பந்தியில எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம், ஆனா தட்டு மட்டும் உள்ளங்கை அகலம்.

— சீட்டுல எழுதிக் கொடுத்த கேள்வியைக் கேட்டீங்களா இல்லையா?

— வரி விடாம கேட்டேன். 'தளத்தை ஓட்டற வேர்ட்பிரஸ் ஓடணும், அதுக்கு பி.எச்.பி எத்தனாவது பதிப்பு வச்சிருக்கீங்க'ன்னேன். 'அஞ்சு ஐயா'ன்னான், நெஞ்சை நிமித்திக்கிட்டு. உன் சீட்டுல எட்டுன்னு இருந்துச்சு. மாப்பிள்ளைக்கு வயசு குறைச்சுச் சொல்றது ஊர் வழக்கம்தான். ஆனா இவன் குறைச்சுச் சொல்லல, நிஜமாவே அங்கேயே நின்னுட்டான்.

— சரிதான். அடுத்தது.

— இரு. என் மூணு கேள்வி பாக்கி இருக்குல்ல. நம்ம குடும்பத்துல இருபத்தேழு கல்யாணத்துக்கு சம்பந்தி வீட்டை விசாரிச்சவன் நான்.

— அதுல பத்தொன்பது முறிஞ்சு போச்சு.

— என் விசாரணையில தப்பில்ல. கல்யாணம் பண்ணிக்கிட்டதுதான் தப்பு. கேளு. பைத்தியம் உண்டா, திருடன் உண்டா, தீராத வியாதி உண்டா. திருடன் வந்தானான்னு கேட்டேன். 'போன மாசம் ரெண்டு தடவை வந்தான் ஐயா, ஆனா எதையும் எடுக்கல, விட்டுட்டுத்தான் போனான்'னு சொன்னான்.

— என்னத்தை விட்டுட்டுப் போனான்?

— சூதாட்ட விளம்பரம். நாலாயிரம் தளத்துக்கும் சரிசமமா.

— சாவு அறிவிப்புக்கு நடுவுல சூதாட்டமா?

— செத்துப்போன தக்காளிச் சந்தைத் தலைவி ராணியம்மா கோவிச்சுக்க மாட்டா. உயிரோட இருந்தப்ப சீட்டாட்டத்துல அவளை ஜெயிச்சவன் இல்ல.

— மாமா, சிரிப்பு வரல எனக்கு. செவ்வாய்க்கிழமை விடியக்காலையிலிருந்து என் தளம் படுத்துக் கிடக்கு. இன்னிக்கு வியாழன். சனிக்கிழமை ராணியம்மாவோட இறுதிச் சடங்கு. ஹாம்பர்க்ல, டொரண்டோவுல இருக்கற சொந்தமெல்லாம் என் தளத்துலதான் நேரலை பாக்கணும். நாளைச் சாயங்காலத்துக்குள்ள எழுந்திருக்கலேன்னா அந்தக் குடும்பம் இதே தொழில் பண்ற எதிர்த்தெரு நானாயிஸ்கிட்ட போயிடும். போனா இனிமே குமாசியில ஒரு பொணமும் என் வாசலுக்கு வராது.

— பாவம், அதுங்களுக்கு வேற போக்கிடம் இருக்கு.

— அது மட்டுமில்ல. பதினோரு வருஷத்துச் சாவெல்லாம் அதுக்குள்ள இருக்கு. எங்க அம்மாவோடது உட்பட. என்கிட்ட நகல் கிடையாது. நகல் எடுக்கச் சொல்லி ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவ நான்.

— ரெண்டாவது வீட்டைச் சொல்றேன். அது வெளிநாட்டுக் கம்பெனி. வீடும் இல்ல, வாசலும் இல்ல, போன்லயேதான் எல்லாம். சூசன்னு ஒருத்தி. ஒன்றரை மணி நேரம் பேசினேன்.

— அது மெஷின், மாமா.

— அதை ஏன் குறையாச் சொல்ற? அம்மாடி, எத்தனை புள்ளைங்க உனக்குன்னு கேட்டேன். 'உங்கள் கேள்வி எங்களுக்கு மிகவும் முக்கியம்'னா. மூணு தடவை கேட்டேன், மூணு தடவையும் முகம் சுளிக்கல. உன் அத்தை முதல் தடவையிலயே விளக்குமாத்தைத் தேடுவா.

— பி.எச்.பி?

— எட்டு. தினம் ஒரு நகல், அவங்களே எடுத்து வைப்பாங்க. வேர்ட்பிரஸ்க்குன்னே தனியா ஒரு வரிசை வீடு கட்டி வச்சிருக்காங்க, பக்கத்து வீட்டுக்காரன் தும்மினா உனக்கு ஜலதோஷம் வராது. சனிக்கிழமைச் சாவு அறிவிப்பு பாக்க வர்ற வெள்ளிக்கிழமைக் கூட்டம் தாங்குமான்னு கேட்டேன். தாங்கும், கூட ஆள் வந்தா இடத்தை அகலப்படுத்திக்கலாம்னா.

— குறை?

— முதல் வருஷம் ஒரு விலை, ரெண்டாம் வருஷம் மூணு மடங்கு. அது எங்கயும் உள்ளதுதான். வாசப்படி மிதிக்கறப்ப ஒரு குரல், அடுப்பு மூட்டினதுக்கப்புறம் ஒரு குரல்.

— சரி, மூணு மடங்கானாலும் போகட்டும். ஆனா வெறும் வீட்டை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? குடி போறதுக்குச் சாமான் வேணுமே. அந்தப் பதினோரு வருஷமும் இப்ப என் தளத்தை வாடகைக்கு வச்சிருக்கற பாஸ்டர் பிம்பொங்கிட்டல்ல மாட்டிக்கிட்டிருக்கு. அந்த ஆளைப் பாத்தீங்களா? மூணு நாளா போனே எடுக்கல.

— எடுக்கணும்னா கனடாவிலிருந்து எடுக்கணும். போய்ப் பதினாலு மாசம் ஆச்சு. வீட்டுக்காரி சொன்னா.

— பதினாலு மாசமா? அதான் போன வருஷம் பணமே கேக்கல. ஊழியக்காரரோட பெருந்தன்மைன்னு நினைச்சு சபையில எழுந்து நின்னு சாட்சி வேற சொன்னேன்.

— நல்லாத்தான் சொல்லியிருக்க. ஜனங்க கைதட்டினாங்கன்னு கேள்விப்பட்டேன்.

— அப்ப அவர் மெஷின் எங்க இருக்கு?

— பாஸ்டருக்கு மெஷின்னு ஒண்ணு இருந்ததே இல்ல. ஒருத்தன்கிட்ட வாடகைக்கு எடுத்து உனக்கு வாடகைக்கு விட்டிருக்கான். நடுவுல நின்னு ஆசீர்வாதம் பண்ணினதுக்குத்தான் அவனுக்குக் காசு.

— பதினாலு மாசமா வாடகை கட்டாத தளத்தை எந்த மடையன் ஓட்டிக்கிட்டிருந்தான்?

— கொஞ்சம் தண்ணி கொடு.

— ரெண்டு தம்ளர் குடிச்சாச்சு.

— வெயில். கேஜேட்டியாவுல வேன்ல ஏறி உக்காந்தவன், நாலு ஊர் தக்காளி என் மடியில. அங்கிருந்து பழைய டாஃபோ.

— டாஃபோவுல யாரு?

— ஒரு மாடி வீடு. சன்னலுக்குக் கீழ கொய்யா மரம்.

— மாமா.

— கேட்டுக்கு நீலப் பெயிண்ட். ஓரமெல்லாம் திட்டுத் திட்டா.

— அந்தப் பெயிண்ட் நான் அடிச்சது.

— அதான் திட்டுத் திட்டா இருக்குன்னேன்.

— அமோதெங் வீட்டுக்கா போனீங்க? என் கிட்ட ஒரு வார்த்தை கேக்காம?

— வயர் போன வழியில நான் போனேன். அது அங்க போய் நின்னா நான் என்ன பண்ண?

— அந்த மனுஷன் மெஷின்ல என் தளம் ஒரு ராத்திரி கூடத் தங்கக் கூடாதுன்னுதானே, நீங்க போய்க் கல்யாணச் சாராயத்தைத் திருப்பிக் கொடுத்து உறவை முறிச்சுட்டு வந்த அதே வாரம், பாஸ்டர்கிட்ட மாத்தினேன்.

— மாத்தின. மூட்டையைக் கட்டிக்கிட்டு முன்வாசல் வழியா ராணி மாதிரி வெளிய போன. பாஸ்டர் உன்னைக் கூட்டிட்டுப் போய்ப் பின்வாசல் வழியா அதே வீட்டுக்குள்ள விட்டுட்டான். ஆறு வருஷமா நீ அங்கதான் குடியிருக்க.

— அவருக்குத் தெரியுமா, அது என்னதுன்னு?

— உன் மூஞ்சி போட்டோ முதல் பக்கத்துல இருக்கு, பொகுவா. கண்ணாடி போட்டவன்தான், குருடன் இல்ல.

— தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லல. சொல்ல மாட்டாரு. பத்து வருஷம் குடித்தனம் பண்ணினவ நான், 'குழம்புல உப்பு இருக்கா'ன்னு கேட்டா ஞாயித்துக்கிழமைக்குப் பதில் வரும். அதுவும் தலையாட்டல்.

— அவன் கஸ்டமர்ங்க வேற மாதிரி சொன்னாங்க. எந்த நேரத்துல கூப்பிட்டாலும் நாலு நிமிஷத்துல பதில் வருமாம்.

— நாலு நிமிஷமா? நானும் மாசம் அறுபது சேடி பணம் கட்டிட்டு பொண்டாட்டியா இருந்திருக்கணும். எத்தனை கஸ்டமர் இருந்தாங்க அங்க?

— நிறையப் பேர். பிளாஸ்டிக் நாற்காலி பத்தல, சர்ச்சுலேருந்து எடுத்துட்டு வந்தாங்க.

— வியாபாரம் அமோகம் போல. மெஷினைப் பாத்தீங்களா, இல்ல கொய்யா பறிச்சுத் தின்னுட்டு வந்துட்டீங்களா?

— பாத்தேன். மாடியில படுக்கையறை இருந்துச்சே, அதுலதான். ஏசி போட்டு வச்சிருந்தான் மெஷினுக்கு. அவன் படுக்கை வெளிய வராந்தாவுல.

— ஏசி. எனக்குப் பத்து வருஷத்துல ஒரு மேசை விசிறி, அதுவும் கழுத்து ஒடிஞ்சது.

— வேர்ட்பிரஸ்ல புதுசு வந்தா அன்னிக்கே உனக்கும் போட்டு வச்சிருக்கான். வெள்ளிக்கிழமை உன் கூட்டம் ஏறினா மத்தவங்களையெல்லாம் ஓரமா ஒதுக்கிட்டு உனக்கு வழி விட்டிருக்கான். அவன் அக்கா சொன்னா. 'இதென்னடா ஓரவஞ்சனை'ன்னு கேட்டாளாம். 'செத்தவங்களைக் காக்க வைக்கக் கூடாது'ன்னானாம்.

— அவர் வாயிலிருந்து அவ்வளவு நீள வாக்கியமா? அக்கா கூட்டிச் சொல்றா. சரி, நீங்க போனப்ப என்ன சொன்னாரு?

— ஒண்ணும் சொல்லல.

— உக்காருங்கன்னாவது?

— மத்தவங்க சொன்னாங்க.

— என்னைப் பத்தி விசாரிச்சாரா?

— இல்ல.

— மாறவே இல்ல. நீங்க இதையெல்லாம் ஏன் பூப்போட்டு எங்கிட்டச் சொல்றீங்க? மறுபடி கதவைத் தட்டலாம்னு நினைப்பா? என் தளம் நானாயிஸ் காலடியில மண்ணாப் போனாலும் போகட்டும், அந்த ஆளுக்கு நான் கஸ்டமராக மாட்டேன்.

— ஆகச் சொல்லலையே. நான் விசாரிச்சு முடிவெடுத்துட்டேன். சூசன்தான். பைத்தியம் இல்ல, திருடன் இல்ல, அவளுக்கு வியாதி வந்தா அவ தங்கச்சி வந்து நிப்பா. ஒத்தை ஆள் நடத்தற ஹோஸ்டிங் எவ்வளவு உசந்ததா இருந்தாலும் வேண்டாம். எழுதி வச்சுக்க.

— சாமான்?

— இந்தா. இந்த டிஸ்க்ல இருக்கு. பதினோரு வருஷமும். தினம் படுக்கப் போறதுக்கு முன்னால ஒரு நகல் எடுத்து வச்சிருந்தான். அக்கா கொடுத்தனுப்பினா. வேர்ட்பிரஸ் மென்பொருள் யாருக்கும் தனிச் சொந்தமில்ல, எழுதினது உனக்குச் சொந்தம், தூக்கிட்டு எந்த வீட்டுக்கு வேணும்னாலும் போகலாம்னு நீதானே எனக்குப் பாடம் எடுத்த.

— இருங்க, போட்டுப் பாக்கறேன். டேட்டாபேஸ் இருக்கு. படமெல்லாம் இருக்கு. எங்க அம்மா இருக்கா. திங்கக்கிழமை ராத்திரி வரைக்கும் இருக்கு, மாமா. ராணியம்மா அறிவிப்பு நான் திங்கக்கிழமைதான் போட்டேன், அதுவும் வந்திருக்கு.

— இன்னிக்குள்ள ஏத்திட முடியுமா?

— சாயங்காலம் ஏத்திடுவேன். நானாயிஸ் வேற பொணம் தேடிக்கட்டும். ஆனா ஒண்ணு கேக்கறேன். பதினாலு மாசம் ஓசியில ஓட்டின ஆளு, இந்த வாரம் பாத்து ஏன் அணைச்சாரு? என் வாழ்க்கையிலயே பெரிய சாவு இது. அது தெரிஞ்சே பழி தீத்துக்கிட்டாரு, அவ்வளவுதானே?

— அவன் அணைக்கல. கரண்ட் போச்சு. செவ்வாய்க்கிழமை விடியக்காலை நாலு மணிக்கு.

— கரண்ட் என்ன புதுசாவா போகுது? கீழதான் ஜெனரேட்டர் இருக்கே.

— அதைப் போட ஆள் எழுந்திருக்கணும். தினமும் அவன்தான் எழுந்து போடுவான்.

— செவ்வாய்க்கிழமை மட்டும் ஐயாவுக்கு அப்படி என்ன தூக்கம்?

— நோட்டை எடு, பொகுவா.

— எதுக்கு?

— ராணியம்மா அறிவிப்புக்குக் கீழ இன்னொண்ணு போகணும். வர்ற செவ்வாய்க்கிழமையோட ஒரு வாரம் ஆகுது. க்வாபெனா அமோதெங், வயசு நாப்பத்தொன்பது. அப்பா பேரு, அம்மா பேரு, மாமன்மார் பேரு, எல்லாம் இந்தக் காகிதத்துல இருக்கு.

— மாமா.

— மெதுவா எழுது, அவசரமில்ல. 'மனைவி'ங்கற வரியை மட்டும் அவன் அக்கா காலியா விட்டிருக்கா. உன்கிட்டக் கேட்டுட்டு வரச் சொன்னா.