இரண்டாவது டிஸ்க்

கம்ப்யூட்டரில் மதர்போர்டை மாற்றினால், அதை இயக்கும் ஓ.எஸ்ஸைப் புதிதாகப் போட்டுவிடுவதுதான் நல்லது. பழையதை வைத்தே ஓட்டலாம். ஆனால் இன்றைக்குச் சத்தம் வராது, நாளைக்குத் திரையே வராது. அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. என் கடைக்கு வந்தவர்கள் வேறு கடைக்குப் போவதில்லை.

அண்ணனுக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பே தன் குரலில் ஆயிரக்கணக்கான வாக்கியங்களைப் பேசிப் பதிவு செய்திருந்தார். அவர் தட்டச்சு செய்வதை அந்தக் குரலிலேயே பேசிக்காட்ட ஒரு மென்பொருள் இருக்கிறது. பழைய கம்ப்யூட்டர் அதைத் தாங்காது. மதர்போர்டையும் பிராசஸரையும் மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது.

அந்தக் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாண வீடோ சாவு வீடோ, அண்ணன் வாயைத் திறந்தால் கூட்டம் கூடிவிடும். அவர்கள் சிரிக்க நான் வேண்டும். "நம்ம டாக்டர் வந்துட்டாரு, ஸ்க்ரூ டிரைவர் டாக்டர். இவன் கை வச்சா ஓடுற மெஷினும் படுத்துக்கும்." என் மகள் முன்னாலும் அதையே சொன்னார். அவளும் சிரித்தாள். அன்று எரிந்த வயிறு இன்னும் அணையவில்லை.

ஓ.எஸ். போடும்போது டிஸ்க்குகள் திரையில் வெறும் எண்களாகத்தான் வரும். தப்பானதை அழித்தால் போனது போனதுதான். அதனால் ஓ.எஸ். ஏற்றும் டிஸ்க்கைத் தவிர மற்றதன் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். நான் ஒருநாளும் மறந்ததில்லை. அன்றும் மறக்கவில்லை.

"அண்ணி, பதிவு பண்ணதெல்லாம் வேற எங்கயாச்சும் காப்பி இருக்கா?"

"எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு தம்பி. நீங்க இருக்கீங்கன்னுதான் தைரியமா இருக்கோம்."

கேபிளைக் கழற்றாமல் விட்டேன். பதிவுகள் இருந்த இரண்டாவது டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். யாரும் மீட்டுவிடக் கூடாதென்று அதன்மேல் முழுக்கப் பூஜ்யங்களை எழுதவிட்டு, பிறகே ஓ.எஸ்ஸை ஏற்றினேன். சுத்தமான வேலை.

"கை தவறிருச்சு அண்ணி" என்று தலையில் அடித்துக்கொண்டேன். அண்ணி சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். அண்ணன் போனில் தட்டி என்னிடம் நீட்டினார்: "விடுடா. நீ என்ன வேணும்னேவா செஞ்சே?" அதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் அழுதார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பேச்சே போன பிறகும் நல்ல பெயர் அவருக்குத்தான்.

ஒன்றை விட்டுவிட்டேன். பெட்டியைப் பிரிப்பதற்கு முன் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். 'தம்பி' என்று தனியாக ஒரு ஃபோல்டர் இருந்தது. இன்னும் என்னென்ன நக்கல் சேர்த்துவைத்திருக்கிறாரோ என்று ஹெட்போனை மாட்டினேன். "சாப்பிட்டியாடா?" "மழை வருது, பார்த்துப் போ." "கடையில கூட்டமா? அப்புறம் வா, ஒண்ணும் அவசரமில்ல." "தம்பி வந்துட்டான், இனி எனக்கு என்ன கவலை?" கடைசிப் பதிவு வரை கேட்டேன்.

எல்லாம் கிண்டல்தான். என் அண்ணனை எனக்குத் தெரியாதா?