பச்சைச் சால்வைக்காரி அழுத இடமெல்லாம்

...அதத்தான் தம்பி நானும் சொல்றேன், தப்பு எம்மேல இல்ல, எங்க வீட்டுக்காரர் மேல! அவரு கையில கேமராவக் குடுத்தா மேடை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். எதிர்ல ஊரே உக்காந்திருக்கட்டுமே... ம்ஹூம், திரும்ப மாட்டாரு. உங்கப்பா ரிட்டயர்மென்ட் விழாவ எப்படி எடுத்துட்டு வந்தாருங்கிறீங்க? உங்கப்பா, மைக்கு, பின்னாடி ஒரு திரை. அவ்வளவுதான்! அத நான் இந்த ரூம்ல உக்காந்து வெட்டி ஒட்டிப் படமாக்கணும். பேசுறவரயே காட்டிட்டிருந்தா யாரு பாப்பா? நடுவுல நாலு மூஞ்சி வேணும், கைதட்டல் வேணும், ஒரு சொட்டுக் கண்ணீர் வேணும்... உக்காருங்க, ஏன் நின்னுக்கிட்டே... ஐயோ, ஒயர மிதிக்காதீங்க! ஆங்.

அதுக்குன்னே பழைய விழா ஒண்ணுலேருந்து ஒரு வீடியோத் துண்டு செஞ்சு வெச்சிருக்கேன் தம்பி. சின்னத் துண்டுதான். எல்லாரும் கை தட்டுறாங்க, ஒரு கொழந்த திடுக்குன்னு முழிக்குது, அப்புறம் பச்சைச் சால்வ போத்தின ஒரு அம்மா கைக்குட்டையால கண்ணத் தொடைக்கிறாங்க. அடடா! கலரச் சரி பண்ணி, சத்தத்தச் சரி பண்ணி, நக எழைக்கிற மாதிரி எழைச்சேன். இவ்வளவு பாடுபட்டத ஒரே வேலையோட தூக்கிப் போட மனசு வருமா? அடுத்து வந்த கல்யாணத்துல வெச்சேன். ஸ்கூல் ஆண்டு விழாவுல வெச்சேன். பல் டாக்டர் ஒருத்தரு கிளினிக் தொறந்தாரு, அதுலயும் வெச்சேன். பல் ஆஸ்பத்திரிக்கு எவ அழுவான்னு நீங்க கேக்குறீங்க... அந்த டாக்டரு கேக்கலியே! 'ஜனங்களுக்கு எம்மேல இவ்வளவு பாசமா'ன்னு அவரும் சேந்து அழுதாரு. கல்யாண வீட்ல கேக்கவே வேணாம். பொண்ணு வீட்ல அது மாப்ள வீட்டு ஆளும்பாங்க, மாப்ள வீட்ல அது பொண்ணு வீட்டு ஆளும்பாங்க. மரியாதைக்கு ரெண்டு பேரும் வாயத் தொறக்க மாட்டாங்க.

உங்கப்பா விழாவுலயும் அதையே வெச்சேனா, உங்கம்மா தொறந்துட்டாங்க! 'எம் புருஷன் வேலைய விட்டு வர்றதுக்கு இவ எதுக்கு உருகுறா?' நியாயமான கேள்விதான், இல்லேங்கல. ஆனா உங்கப்பா என்ன சொல்லியிருக்கணும்? 'எங்க ஆபீஸ்தான், எளகின மனசு, பூன செத்தாலும் அழுவாங்க'ன்னு சொல்லிட்டுப் பேப்பரப் பிரிச்சிருக்கணுமா இல்லியா? அத விட்டுட்டு 'தெரியாது, தெரியாது'ன்னு... தெரிஞ்ச பொம்பளன்னாக்கூட பொண்டாட்டி மன்னிப்பா தம்பி. தெரியாதுன்னு சொன்னா விடவே மாட்டா. இப்பப் பாருங்க, அம்மா உங்கக்கா வீட்ல, அப்பா தனியா ரொட்டிக்கு வெண்ண தடவிக்கிட்டு. சாட்சி இல்லாம திரும்பி வர மாட்டேன்னுட்டாங்களாமே!

சரி சரி, காட்டுறேன். மத்த வீடியோவுலயும் அந்தம்மா இருக்காங்கன்னு உங்கம்மாகிட்ட காட்டணும், அவ்வளவுதானே? இதோ... ஸ்கூல் விழா. கைதட்டல்... கொழந்த... ம்... கண்ணாடி போட்ட தாத்தா. நல்லாத்தானே தட்டுறாரு? இருங்க, டாக்டர் கிளினிக்கத் தொறப்போம். கைதட்டல்... கொழந்த... தாத்தா. கல்யாணம்... தாத்தா.

இல்ல தம்பி, கோவப்படாதீங்க. காலைல போன் பண்ணி 'பச்சைச் சால்வையால வீடே ரெண்டாப் போச்சு'ன்னீங்களா, எனக்கு மனசே கேக்கல. நீங்க மேல சொல்ல வந்ததக்கூட கேக்காம, போன வெச்ச கையோட அந்தம்மாவத் தூக்கிட்டுத் தாத்தாவப் போட்டுட்டேன். உங்கப்பா வீடியோவுல மட்டும்தான் தூக்கினேன், சத்தியமா! ஆனா பாருங்க, நான் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக் காப்பி எடுத்து வெக்கிறதில்ல, இடத்த அடைக்குது. துண்டு ஒரே எடத்துல இருக்கும், எல்லா வேலையும் அங்கேருந்துதான் எடுத்துக்கும். தெருவுக்கெல்லாம் ஒரே தண்ணித் தொட்டி மாதிரி. நான் பாட்டுக்குத் தொட்டியவே காலி பண்ணிட்டேன்... பழசயும் அழிச்சிட்டேன். தடயமே இருக்கக் கூடாது, உங்கம்மா நிம்மதியா இருக்கணும்னுதான்!

மத்த வீட்டுக்குக் குடுத்த வீடியோவ வாங்கலாம்தான். வாங்குறப்ப என்ன சொல்லுவீங்க? 'உங்க கல்யாணத்துல அழுதது யாருன்னு பாக்கணும்'னா? அந்த வீடும் ரெண்டாவும் தம்பி.

அந்தம்மாவயே நேர்ல கூட்டிட்டுப் போறதா? ம்... போலாம். பக்கம்தான். ஆனா ஒண்ணு, அவங்க அழவே இல்ல. சளி. தும்மிட்டு மூஞ்சியத் தொடச்சாங்க. தும்மலக் கொஞ்சம் மெதுவா ஓட்டினீங்கன்னா அப்படியே துக்கம் வந்துடும். அந்தப் பழைய விழா அன்னிக்கு லைட்டப் பிடிக்க ஆள் வரலன்னு நான் போயி நின்னேனா... இவரு தண்ணி குடிக்கத் திரும்பினாரு, கூடவே கேமராவும் திரும்பிச்சு. வாழ்க்கையில ஒரே தடவ இந்தப் பக்கம் திரும்பினாரு, அதுவும் நான் தும்முறப்ப...

ஏன் அப்படிப் பாக்குறீங்க? ஆமா, நான்தான்! கைக்குட்டைய எடுத்துட்டா இந்த மூஞ்சிதான்!

கெளம்புங்க, உங்கம்மாகிட்ட நானே பேசுறேன். 'உங்க வீட்டுக்காரர நான் நேர்ல பாத்ததுகூட இல்லம்மா. ஆனா வாரக்கணக்கா அவரு மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன், காதுக்குக் கீழ இருக்குற மச்சம்கூட எனக்குத் தெரியும்'னு வெளக்கமாச் சொன்னாப் புரிஞ்சுக்க மாட்டாங்களா? இருங்க, அந்தச் சால்வையவே போத்திக்கிட்டு வரேன், அப்பத்தான் நம்புவாங்க. உள்ள பீரோவுலதான்... ஒங்க வண்டியில பின்னாடி ஒக்காரலாமில்ல?... ஆங், கெடச்சிடுச்சு! தம்பி, எப்படி இருக்கு பாருங்க... தம்பி?

அட, வண்டியக் கெளப்பிட்டாரே! நல்லா இருக்கே கத! ஒத்தாசை பண்ண வந்தா... போங்க போங்க, உங்கக்கா வீடு எனக்குத் தெரியாததா? அவங்க கல்யாண வீடியோவ எடுத்ததே நாங்க...

ஐயையோ.

தம்பி! தம்பீ! வேகமாப் போங்க! உங்கம்மா அங்க சும்மா ஒக்காந்திருக்காங்களே, பொழுது போகலன்னு அந்தக் கல்யாண வீடியோவப் போட்டுடப் போறாங்க! அதுலயும் உங்கப்பா மூஞ்சிக்கு அடுத்தாப்ல நான் அழுவுறேன்!