தங்கைக்கு நான் சொல்லிக் கொடுத்த வார்த்தைகள்

எனக்கு வாய் நீளம், டாக்டர். என் தங்கைக்கோ வாய் இருக்கிறதா என்றே எங்கள் தையல் கடைக்கு வருகிறவர்களுக்குச் சந்தேகம். அவள் வெட்டித் தைப்பாள், நான் பேசி விற்பேன். வண்டி நன்றாகத்தான் ஓடியது.

கூட்டத்தைக் கண்டால் அவளுக்கு மூச்சு முட்டும். பஸ்ஸில் ஏறினால் அடுத்த நிறுத்தத்திலேயே வியர்த்து விறுவிறுத்து இறங்கிவிடுவாள். ஒருநாள் பெரிய ஆடை நிறுவனம் ஒன்று அவளைத் தலைமை வெட்டுநராகக் கூப்பிட்டது. அன்றைக்குத்தான், "அக்கா, இதுக்கு வைத்தியம் பாத்துக்கறேன்" என்றாள்.

நானே ஒவ்வொரு டாக்டரிடமாகக் கூட்டிப் போனேன். போகும் வழியில் பாடம் சொன்னேன். "எடுத்த எடுப்பிலேயே தூக்க மாத்திரை பேரைச் சொல்லு. வேற எதுவும் ஒத்துக்காதுன்னு சொல்லு. தயங்கினா, கொடுத்தே ஆகணும்னு அழு." அவள் கிளிப்பிள்ளை. அப்படியே ஒப்பித்தாள். அவள் வெளியே போனதும் நான் செருப்பைத் தேடுகிற சாக்கில் பின்தங்கி, "இன்னொரு டாக்டர்கிட்டயும் இதையே வாங்கறா, எப்படிக் கண்டிக்கறதுன்னு தெரியல" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வேன். எந்த டாக்டரும் பேனாவை மூடிவிடுவார். போதைக்காக அலைகிறவள் என்று ஒருவர் அவள் முகத்துக்கு நேராகவே சொன்னார். வீட்டுக்கு வந்து தேநீர் போட்டுக் கொடுத்து, "யாரும் வேண்டாம்டி, நான் இருக்கேன்ல" என்று தலையைத் தடவினேன். அந்த வேலை கைநழுவியது. அடுத்த வருடம் மறுபடி கூப்பிட்டார்கள். மறுபடியும் டாக்டர், மறுபடியும் அதே பாடம்.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். அவள் தனியாக உங்களிடம் வந்துவிட்டாள். பாடம் மறந்துபோய், உள்ளதை உள்ளபடி சொன்னாளாம். "மாத்திரைதான் வேணும்னு வரல டாக்டர். பஸ்ல ஏறினா செத்துடுவேன்னு தோணுது. எனக்கு வேலைக்குப் போகணும். என்ன செய்யலாம்னு நீங்களே சொல்லுங்க." நீங்கள் பொறுமையாகக் கேட்டீர்கள், மூச்சுப் பயிற்சி சொன்னீர்கள், பார்த்துப் பார்த்து மருந்தும் கொடுத்தீர்கள். முன்பு மற்ற டாக்டர்களிடம் மாத்திரை கேட்டு அழுததையும் சொன்னாளாம்; அப்படிப் பேச யார் சொன்னது என்று நீங்கள் கேட்டதற்கு, வெள்ளந்தியாக என்னைக் கைகாட்டினாளாம். அதனால்தானே என்னை வரச் சொன்னீர்கள்?

ஆமாம், நான்தான். தெரிந்தேதான் செய்தேன். அவள் போய்விட்டால் நான் பேசி எதை விற்பது?

இப்போது பஸ்ஸில் வேலைக்குப் போகிறாள். சாயங்காலம் வந்து, கண்டக்டரோடு சில்லறைக்குச் சண்டை போட்ட கதையைச் சொல்லி வயிறு வலிக்கச் சிரிக்கிறாள். எனக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. நல்ல பிள்ளை.

ஒன்று மட்டும் உங்களிடம் கேட்க வேண்டும் டாக்டர், அக்காவாகக் கேட்கிறேன். இப்படி ஓயாமல் சிரிக்கிறாளே, மருந்தைக் கொஞ்சம் குறைக்கலாமா?